கமெண்ட்ரி சொன்ன முகங்கள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போயிற்று. எல்லோருக்கும் அவள் கமெண்ட்ரி. அக்கா வைத்த பேர். பிறவியிலேயே பார்வையில்லாத அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் சின்னவளுக்கு வாய் மூடாது. "எதிர்ல ஒரு குண்டு மாமா வர்றாரு. குடை பிடிச்சிருக்காரு. குடையில பெரிய ஓட்டை. மாமாவுக்கு அது தெரியல, மழைக்குத் தெரிஞ்சுபோச்சு." அக்கா சிரித்துச் சிரித்து நடை தடுமாறுவாள். அக்கா சிரிக்கிறாள் என்பதற்காகவே சின்னவள் இல்லாத ஓட்டையையும் சில நாள் குடையில் போட்டுவிடுவாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் விஷயத்தில் அது அப்படியே நடந்தது. திரைப்படங்களுக்கு விவரிப்பு எழுதிப் பேசுவதுதான் அவள் வேலை. பார்வையில்லாதவர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு திரையரங்கில் உட்கார்ந்தால், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கிடைக்கிற சின்ன இடுக்கில் ஒரு குரல் நுழைந்து, ‘அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான், எழுந்து போகிறான்’ என்று சொல்லுமே, அந்தக் குரல் இவளுடையது. அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விதிதான். கண்டதைச் சொல், கருதியதைச் சொல்லாதே. ‘அவள் சோகமாக இருக்கிறாள்’ என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். ‘அவள் தட்டைத் தள்ளி வைக்கிறாள்’ என்று எழுதவேண்டும். சோகமா, பசியில்லையா என்பதைக் கேட்பவர் முடிவு செய்துகொள்வார்.

வேலையிடத்தில் கமெண்ட்ரி இந்த விதியை மீறியதே இல்லை. வீட்டில் வேறு கதை. வீட்டில் அவள் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுவாள்.

வீடு என்றால் இரண்டாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும். மூன்று பெண்கள். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி ஆப்பரேட்டர். அவள் கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. அவர்களுடைய ஒரே மகள் பாப்பா, படித்துவிட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இத்தனை வளர்ந்தும் வீட்டில் பாப்பாதான். மூன்றாவது ஆள் கமெண்ட்ரி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "நான் பேசி முடிக்கிறவரைக்கும் காத்திருக்க ஒருத்தனுக்கும் பொறுமை இல்ல" என்பாள்.

அந்த வீட்டில் முகத்துக்கு மதிப்புக் கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அக்காவுக்கு அது போய்ச் சேராது. குரல்தான் அங்கே செல்லும் காசு. பாப்பா சின்னவளாக இருந்தபோது ஒருநாள் மாடிப்படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு "அம்மா" என்று அலறினாள். அக்கா போட்டது போட்டபடி ஓடிவந்து, பாதி திறந்திருந்த கதவு விளிம்பில் மோதி நெற்றியைப் பிளந்துகொண்டாள். அம்மாவின் ரத்தத்தைப் பார்த்த பிள்ளை அன்றோடு அலறுவதை நிறுத்தியது. குரலுக்கு இஸ்திரி போடக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு காய்ச்சலானாலும் கண்ணீரானாலும் பாப்பாவின் குரல் ஒரு சுருக்கமில்லாமல் வரும். முகம் தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கும். அந்த முகத்தைப் பார்க்க வீட்டில் இருந்த ஒரே ஆள் சித்தி.

இனி அந்தப் படம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய காதல் நகைச்சுவைப் படம். பேர் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் படம் என்றாலே எல்லோருக்கும் தெரியும். கதாநாயகி ஒரு தொலைபேசி ஆப்பரேட்டர். ரேடியோ பழுது பார்க்கிற கதாநாயகன் அவள் குரலைக் கேட்டு மயங்கி, தினமும் ஒரு பொய் நம்பர் கேட்டு அவளை வம்புக்கு இழுப்பான். பேருந்தில் பின்னால் வருவான். அவள் வேண்டாம் வேண்டாம் என்பாள். "பத்து வேணாம் சேர்ந்தா ஒரு வேணும்" என்பான் அவன். அந்த வசனத்துக்கு அந்தக் காலத்தில் திரையரங்கக் கூரை பெயர்ந்ததாம்.

அக்கா அந்தப் படத்தைக் கதை வசனக் கேசட்டில்தான் கேட்டாள். தேய்கிறவரை கேட்டாள். பார்வையில்லாத பெண்ணுக்குக் கூடை பின்னுவதும் நாற்காலிக்கு வலை போடுவதும்தான் பிழைப்பு என்று ஊரே முடிவுகட்டியிருந்த காலம். கேசட்டில் ஒரு பெண் குரலை மட்டும் வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்க்கிறாள், அதிகாரியை மடக்குகிறாள், சம்பளம் வாங்குகிறாள். "எனக்கும் இந்த வேலைதான் வேணும்" என்று அக்கா அடம்பிடித்துப் பயிற்சிக்குப் போனாள். "அந்தப் படம் எனக்குச் சோறு போட்டிருக்குடி" என்று இன்றைக்கும் சொல்வாள். பொய்யில்லை. ஒரு படத்தைக் குறை சொல்லும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் படத்தைத் துடைத்து மெருகேற்றி மறுபடி வெளியிடப் போகிறார்கள், விவரிப்பு எழுதுவது நீங்கள்தான் என்று கம்பெனி மேலாளர் சொன்னபோது கமெண்ட்ரிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கோ அதற்கு மேல். இத்தனை வருஷம் காதால் மட்டும் கேட்ட படத்தை முதல் முறையாக முழுசாகப் பார்க்கப் போகிறாள். எப்போதும்போல விவரிப்பைச் சரிபார்க்கிற ஆளாக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவள்தான் வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் தலைவலி வீட்டுக்குள் வந்தது.

தலைவலி என்பது பாப்பாவின் கடைப்பெண்கள் ஒருவனுக்கு வைத்த பேர். நல்ல வேலையில் இருக்கிறவன், பார்க்க லட்சணமானவன். தினமும் கடைக்கு வந்து ஒரே ஒரு தலைவலி மாத்திரை அட்டை வாங்குவான். வேறு யார் நீட்டினாலும் வாங்கமாட்டான், பாப்பாதான் எடுத்துத் தரவேண்டும். பிறகு பேருந்து நிறுத்தத்தில் நின்றான். பிறகு பேருந்துக்குள் நின்றான். ஒரு சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் நின்று, "உங்க பொண்ணு கடையில குடையை மறந்துட்டாங்க" என்று ஒரு குடையை நீட்டினான். அது பாப்பாவின் குடையே அல்ல, அவனே வாங்கியது. விஷயம் தெரிந்து அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். கணவர் போன பிறகு அக்கா அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டான். செய்தித்தாள் வாசித்துக் காட்டினான், ஒழுகுகிற குழாயை மாற்றினான், அந்தப் படத்தின் வசனங்களை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினான். இரண்டாவது தடவை வந்தபோதே "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டான். ஏணி வைக்கத் தேவையில்லாமல் கூரை ஏறுகிற ஜாதி. கமெண்ட்ரிக்குமே அவனைப் பிடித்துத்தான் இருந்தது. சிரிக்க வைக்கிறவனை யாருக்குப் பிடிக்காது? பாப்பா மட்டும் அவன் வந்தால் எழுந்து உள்ளே போவாள். அவன் போகிறவரை துவைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பாள்.

"அவ எப்படிடி இருக்கா, அவரு வந்தா?" என்று அக்கா ரகசியமாகக் கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்கா. வெக்கம்" என்பாள் கமெண்ட்ரி.

அக்காவின் மனதில் ஒரு பயம் இருந்தது. பார்வையில்லாத அம்மாவையும் கல்யாணமாகாத சித்தியையும் முதுகில் கட்டிக்கொண்டு இந்தப் பெண் இப்படியே நின்றுபோய்விடுமோ என்கிற பயம். அதைத் தெரிந்தவள் என்பதால்தான் கமெண்ட்ரி அந்தச் சர்க்கரையைப் போட்டாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்த காரியங்கள் குடும்பங்களில் எத்தனை வேலை பார்த்திருக்கின்றன என்று எழுத உட்கார்ந்தால் காகிதம் போதாது.

ஒரு மாலை அவன் உற்சாகமாக வந்து உட்கார்ந்தான். "அத்தை, இன்னைக்கு நான் நம்ம படத்துல வர்ற மாதிரி ஒண்ணு பண்ணினேன்" என்றான். படத்தில் கதாநாயகிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகும். கதாநாயகன் அவள் அப்பா குரலில் அதிகாரிக்குப் போன் போட்டு, என் மகள் போகமாட்டாள் என்று சொல்லிவிடுவான். அக்காவுக்கு அந்தக் காட்சி தலைகீழ்ப் பாடம். இவன் பாப்பாவின் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறான். நகரத்தின் மறுகோடியில் திறக்கிற புதுக் கிளைக்குப் பாப்பாவைப் பொறுப்பாளராக்குவதாக இருந்தார்கள். "நான் பொண்ணோட தாய்மாமன் பேசுறேன், அவ்வளவு தூரம் எங்க பொண்ணை அனுப்புறதா இல்லன்னு கரகரன்னு சொன்னேன். நம்பிட்டாரு அத்தை!" என்று அந்தத் தாய்மாமன் குரலையும் செய்து காட்டினான்.

அக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. "பாப்பா, கேட்டியாடி?"

"கேட்டேம்மா" என்றாள் பாப்பா. சுருக்கமில்லாத குரல்.

"சிரிப்பு வரலையா உனக்கு?" அக்கா தங்கை பக்கம் திரும்பினாள். "என்னடி பண்றா?"

பாப்பாவின் முகத்தில் நிறமே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா" என்றாள் கமெண்ட்ரி. சொல்லிவிட்டுச் சிந்திய தேநீரைத் துடைக்கக் குனிந்தாள்.

அவன் போன பின் சமையலறையில் பாப்பா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள், கூடத்துக்குக் கேட்கக்கூடாது என்று.

"அந்தப் பொறுப்புக்கு நான் ஒன்றரை வருஷமா காத்திருந்தேன் சித்தி. நாளைக்குப் போய் அது என் மாமா இல்லைன்னு சொன்னா, பின்ன யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்ல?"

"அம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடேன்டி."

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன். ‘உன் குரல்ல கோபமே இல்லையே, படத்துல அவளும்தான் வேணாம் வேணாம்னா’ன்னு சிரிக்கிறாங்க. கத்தணுமா நான்? எனக்குக் கத்த வராது சித்தி. மறந்துபோச்சு." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "என் குரலை அம்மா நம்புறாங்க. என் முகத்தை நீங்கதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்று கமெண்ட்ரி வாக்குக் கொடுத்தாள். ஆனால் உடனே சொல்லவில்லை. அவளுக்கு ஒரு யோசனை இருந்தது, அதுதான் பிசகு. அந்த வாரம் அவள் படத்தில் வருகிற லிப்ட் காட்சிக்கு விவரிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கேட்டால் தானே புரிந்துகொள்வாள், பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைத்தாள். தன் வாயால் சொல்லவேண்டியதைப் படத்தின் தலையில் கட்டினாள்.

அந்த லிப்ட் காட்சிதான் படத்தின் உச்சம். கதாநாயகன் லிப்ட்டை இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திவிடுவான். நீ சரி சொன்னால்தான் நகரும் என்பான். அதற்குப் பிறகு மூன்று நிமிஷம் வசனமே கிடையாது; துள்ளல் இசை மட்டும். கடைசியில் அவள் "சரி" என்பாள், மணி அடிக்கும், லிப்ட் நகரும், திரையரங்கில் கைதட்டல் அடங்காது. கமெண்ட்ரி அதை எத்தனையோ தடவை பார்த்துக் கைதட்டியிருக்கிறாள். இப்போது வேலைக்காக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இசைக்கு எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள், அவன் தொப்பியைச் சுழற்றுவதையும் குட்டிக்கரணம் போடுவதையும். மூலையில் நிற்கிறவளை அவள் முதல் முறையாகப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அந்தப் பெண் ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு அடுத்த ஷாட்டில்தான் வந்தது. அதில் தலை வேறு மாதிரி வாரியிருந்தது, வெளிச்சமும் வேறு. இன்னொரு நாள் எடுத்து ஒட்டியது. ஆனால் அந்த "சரி" மட்டும் காதில் சிரிப்போடுதான் விழுந்தது. எப்படி என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். "அந்தம்மா குரல் அவங்களது இல்லையே. வேற ஒருத்தர் டப்பிங் பேசினது. முகம் ஒருத்தி, குரல் ஒருத்தி. அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்."

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று முதலில் சொன்னவன் எவனோ, அவனை ஒருநாள் அந்த லிப்ட்டுக்குள் நிற்க வைத்திருக்க வேண்டும். படம் மோசம் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் கஷ்டம். தொலைபேசியில் அவள் அதிகாரியை மடக்கும் இடத்தில் இன்றைக்கும் கமெண்ட்ரிக்குச் சிரிப்பு வந்தது. மழையில் நான்கு பேர் ஒரே குடைக்கு அடித்துக்கொள்ளும் காட்சியில் கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்தாள். அதே படத்துக்குள்தான் இதுவும் இருந்தது, நாற்பது வருஷமாக, எல்லோர் கண்ணுக்கும் எதிரில்.

சரிபார்க்கும் நாளில் அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். மேலாளரும் உட்கார்ந்திருந்தார். அக்கா காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாலேயே உதட்டை அசைத்தாள். குடைக் காட்சியை விவரிப்போடு கேட்டபோது, "அடிப்பாவி, இவ்வளவு இருக்கா இதுல!" என்று தொடையைத் தட்டினாள். லிப்ட் வந்தது. கமெண்ட்ரியின் பதிவான குரல் இசைக்குள் நுழைந்தது.

‘அவன் பொத்தானை அழுத்துகிறான். லிப்ட் நிற்கிறது. அவள் கை பொத்தானை நோக்கி நீள்கிறது. அவன் குறுக்கே சாய்ந்து பொத்தான்களை முதுகால் மறைக்கிறான். தொப்பியைச் சுழற்றுகிறான். அவள் மூலைக்கு நகர்கிறாள். கைப்பையை மார்போடு அணைக்கிறாள். அவன் குட்டிக்கரணம் போடுகிறான். அவள் உதட்டைக் கடிக்கிறாள். கண் நிறைகிறது.’

"சரி" என்றது படம். மணி அடித்தது.

அக்கா கருவியைக் கழற்றினாள். "இது எந்தப் படம்?" என்று கேட்டாள்.

"அதே படம்தான் அக்கா. திரையில இருக்கறது இதுதான்."

"நாப்பது வருஷமா அவ சிரிச்சுக்கிட்டு இருந்தாளேடி."

"எங்கக்கா?"

"என் காதுல." அக்கா கருவியை மேசையில் வைத்தாள். "அந்தச் ‘சரி’யில சிரிப்பு இருக்கு. குரலை வெச்சுப் பிழைக்கிறவ நான். என் காதுல யாரும் பூ சுத்த முடியாது. நீ என்னவோ மனசுல வெச்சுக்கிட்டு படத்தைக் கெடுக்கிற."

டப்பிங் விஷயத்தைக் கமெண்ட்ரி எடுத்துச் சொன்னாள். அக்கா காதில் வாங்கவில்லை. மேலாளர் கனைத்தார். "ஜனங்க கைதட்டுற இடத்துல கண் நிறையுதுன்னு சொன்னா எப்படிம்மா? பார்வையில்லாதவங்களும் சந்தோஷமாப் பார்த்துட்டுப் போகட்டுமே. ‘நாணத்தோடு தலை குனிகிறாள்’னு போட்டுடுங்க." நாணம் கண்டது அல்ல, கருதியது என்று அவள் வாதாடினாள். கடைசியில் ‘தலை குனிகிறாள்’ என்று மட்டும் முடிவாயிற்று. அது பொய்யில்லை. அந்தப் பெண் தலையைக் குனியத்தான் செய்தாள். முழுப் பூசணிக்காயையும் மறைக்க அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

பேருந்தில் வீடு திரும்பினார்கள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா, "ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பி அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வர்றாரு. பேசி முடிச்சிடலாம்" என்றாள். அப்போதாவது கமெண்ட்ரி சொல்லியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், வாய் வரவில்லை. பிரசங்கம் பண்ணுகிற வாய்க்கு வேண்டிய நேரத்தில் பூட்டு விழும் என்பது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். அவன் அம்மா மெதுவாகப் பேசுகிற, களைத்த பெண்மணி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். அவன் வழக்கம்போல எல்லோரையும் சிரிக்க வைத்தான். பாப்பா தேநீர் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். அவன் வேடிக்கையாகக் குறுக்கே போய்க் கதவில் சாய்ந்துகொண்டான். "பதில் சொல்லாம யாரும் வெளிய போக முடியாது" என்றான். அவன் அம்மா சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

"பாப்பா, எல்லார் முன்னாடியும் நீயே சொல்லிடும்மா. சம்மதமா?"

"எனக்கு வேணாம்மா" என்றாள் பாப்பா.

நன்றாகவே கேட்டது. நிதானமான, மடிப்புக் கலையாத குரல். பிறகு அவன் ஒரு விரலை உயர்த்தி, கதாநாயகன் குரலில், "பத்து வேணாம் சேர்ந்தா ஒரு வேணும்!" என்றான். சிரிப்பு வெடித்தது. அக்கா கைதட்டியேவிட்டாள்.

ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் நின்று வேண்டாம் என்று சொல்லி, அதற்குக் கைதட்டல் வாங்கினாள்.

"என்னடி கமெண்ட்ரி, சத்தத்தையே காணோம்?" அக்கா சிரிப்பு அடங்காமல் திரும்பினாள். "என் பொண்ணு வெக்கப்படுறதைச் சொல்லு, நானும் பாக்குறேன்."

பாப்பா சித்தியைப் பார்த்தாள்.

கமெண்ட்ரி எழுந்து நின்றாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசுகிற அதே குரலில், அவசரமில்லாமல், சொல்லத் தொடங்கினாள்.

"பாப்பா கதவுகிட்ட நிக்கிறா. வலது கை கைப்பிடிக்கு நீண்டு பாதியில நிக்குது. கைப்பிடியை அவர் முதுகு மறைச்சிருக்கு. பாப்பா ஒரு அடி பின்னால போறா. சுவர் வந்துடுச்சு. முகம் வெளுத்திருக்கு. கழுத்துல வேர்வை. கண்ணுல தண்ணி கட்டி நிக்குது, கீழ விழாம இருக்க மேல பாக்குறா. கை நடுங்குது, இன்னொரு கையால அதைப் பிடிச்சிருக்கா. இப்ப விழுந்துடுச்சு. ரெண்டு கண்ணுலயும்."

அவன் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத்தை, சித்தி சும்மா..." என்று அவன் ஆரம்பித்தான்.

"தம்பி." அக்கா தலையைச் சாய்த்தாள். "நீங்க எங்க நிக்கிறீங்க?"

"இங்கதான் அத்தை."

குரல் கதவிலிருந்து வந்தது. அக்காவுக்கு அந்தக் கூடத்தின் ஒவ்வொரு அடியும் காதால் தெரியும். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அத்தைன்னு கூப்பிடாதீங்க. கதவை விட்டு இந்தப் பக்கம் வாங்க." அவன் வந்தான். "பாப்பா, சித்தி சொல்றது நெசமா?"

"நெசம்மா" என்றாள் பாப்பா. அந்த ஒரு சொல்லில் இஸ்திரி முழுக்கக் கலைந்து, இத்தனை வருஷச் சுருக்கமும் சேர்ந்து வந்தது. அக்கா கேட்டே அறியாத குரல் அது. அவள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் அம்மாதான் முதலில் எழுந்தார். மகன் கையைப் பிடித்து, "வாப்பா, போலாம்" என்றார். அவருக்கு இது முன்பே பழக்கம்போல இருந்தது. வாசலில் அவன் திரும்பி நின்றான். "பரவால்ல. பாப்பா, நாளைக்குக் கடையில பார்ப்போம்" என்றான். குரலில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. பாப்பா பாய்ந்து போய்த் தாழ் போட்டாள்.

"நாளைக்கு நான் லீவு போட்டுட்டு உன் கடையில வந்து உக்காருறேன்" என்றாள் அக்கா. "உன் முதலாளிகிட்ட அந்தப் போன் யார் பண்ணினதுன்னு நானே சொல்றேன். அவன் வந்தா எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும்." பாப்பா அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். அக்கா தடுக்கவில்லை.

சாயங்காலம் பாப்பா தூங்கிப்போன பிறகு, சகோதரிகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு அவன் என்ன செய்வானோ என்கிற கவலை அங்கேயே உட்கார்ந்திருந்தது. அக்கா வேறு எதையோ கேட்டாள்.

"அவன் போன் பண்ணினதைச் சொன்னானே, அன்னைக்குப் பாப்பா சிரிச்சாளா?"

"இல்லக்கா."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்னு நீ சொன்னே."

"சொன்னேன்."

"வெக்கம்னே."

"ஆமா."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா மெல்லக் கேட்டாள். "என் கல்யாணத்தன்னைக்கு அவர் முகம் எப்படி இருக்குன்னு உன்னைக் கேட்டேன். ‘வேற யாரையும் பாக்கல அக்கா, உன்னையே பாத்துக்கிட்டிருக்காரு, அவர் கண்ணு கலங்கியிருக்கு’ன்னு சொன்னே. அதை வெச்சுக்கிட்டுத்தான் இருபத்தேழு வருஷம் அவர்கூட வாழ்ந்தேன், இப்ப அவரில்லாமலும் வாழுறேன். அது என்ன, நீயாச் சொன்னதா?"

அது நிஜம். ஒரு மணி சர்க்கரைகூட அதில் இல்லை. அத்தான் அன்றைக்கு அப்படித்தான் நின்றார். சுற்றி இருந்தவர்கள் கேலி செய்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவ்வளவு தெளிவாகக் கமெண்ட்ரி தன் வாழ்நாளில் வேறு எந்த முகத்தையும் பார்த்ததில்லை.

"நெசம்க்கா" என்றாள். "சத்தியமா நெசம்."

அக்கா அந்தக் குரலைக் கூர்ந்து கேட்டாள். சொல் முடிந்த பிறகும் தலையைச் சாய்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உன் குரல் நல்ல குரல்டி" என்றாள் கடைசியில். "நீ எதைச் சொன்னாலும் நெசம் மாதிரியேதான் இருக்கு."